கேட்க வந்த பாலம்

காலை பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய வார்டு இணைமாற்ற அவை பதினொன்றரை ஆகியும் தொடங்கவில்லை. நாற்பத்திரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டமாகத்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். "வட்டத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை" என்பது அவையின் ஒருங்கிசைவாளர் முனைவர் இளம்பரிதியின் புகழ்பெற்ற வாசகம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எழுந்து நிற்பார்.

வட்டத்தின் நடுவே ஒரு முக்காலியில் சமநோக்கி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு இட்லிக் குண்டான் போல இருக்கும் அந்தப் பொறி பச்சையாகாமல் அவை எடுக்கும் எந்த முடிவும் செல்லாது.

"தேசம்மா கெளம்பிட்டாங்களாங்க?" என்று நான்காவது முறையாகக் கேட்டார் மகுடபதி. ஏரிமுகம் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர். நாய்ப் பூங்காவுக்கு ஒப்புதல் வாங்க வந்தவர்.

"தெப்பத்துல ஏறிட்டாங்களாம் சார்" என்றாள் பொறியை இயக்கும் ஜெபராணி.

ஒரு காலத்தில் நான்கு பேர் மூடிய அறைக்குள் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் முடிவெடுத்தார்கள். அது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சமநோக்கியைக் கண்டுபிடித்தார்கள். அது ஒவ்வொருவருக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு விளிம்பெண் கொடுக்கும். வீடு எங்கே, சாதி என்ன, உடம்பில் என்ன குறை, குடிநீர் எவ்வளவு தூரம், எத்தனை முறை குடிசையைப் பிடுங்கி வேறிடத்தில் போட்டார்கள், எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். தொண்ணூறுக்கு மேல் உள்ள ஒருவராவது அவையில் உட்கார வேண்டும், பேச வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்க வேண்டும். அப்போதுதான் பச்சை.

அந்த வார்டு முழுவதிலும் தொண்ணூறைத் தாண்டியவர்கள் மூன்றே பேர். ஒருத்தி வார்டின் கடைசி மூலையில், மணல் திட்டில் இருந்தாள். சாலையிலிருந்து அங்கே போக வழி இல்லை. இன்னொருவர் அவை என்ற சொல்லைக் கேட்டாலே கல்லைத் தேடுவார். மிச்சம் இருந்தது தேசம்மா. விளிம்பெண் தொண்ணூற்று மூன்று. அதில் கேட்காத இடது காதுக்கு மட்டும் நான்கு.

ஆகவே வார்டில் எது நடக்க வேண்டுமானாலும் தேசம்மா வந்து உட்கார வேண்டும். மாடித்தோட்டத்துக்கும் தேசம்மா, பூங்கா பெஞ்சுக்கு என்ன நிறம் என்பதற்கும் தேசம்மா. சில நாட்களில் மூன்று அவைகள். காரை அனுப்புவார்கள். கார் கால்வாயின் இந்தக் கரையோடு நின்றுவிடும். அந்தக் கரையிலிருந்து அவள் தெர்மாகோல் தெப்பத்தில் வந்து சேர வேண்டும்.

அன்றும் சேலை விளிம்பைப் பிழிந்தபடியே வந்தாள். நாற்பத்திரண்டு முகங்களும் மலர்ந்தன.

"வருக தேசம்மா அவர்களே. வழக்கம்போல முதலில் நம் பெயரையும் நமக்குப் பிடித்த பழத்தையும் சொல்லி, உள்ளங்களைத் திறந்துகொள்வோம்" என்றார் இளம்பரிதி.

"தேசம்மா. சீத்தாப்பழம்." வாழை, கொய்யா, நாவல் எல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தன. போன வாரம் பழம் எதுவும் நினைவுக்கு வராமல் வெண்டைக்காய் என்று சொல்லிவிட்டாள். ஆழமான பதில் என்று முனைவர் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் நெற்றியில் செவிப்பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். எதிராளி பேசுவது மூளைக்குள் போகிறதா என்று அது பார்க்கும். தொடக்கத்தில் பலர் இதில் தோற்றுப்போனார்கள். பிறகு சனிக்கிழமைகளில் வகுப்பு வந்தது. தலையைப் பதினைந்து பாகை சாய்த்து, செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொண்டால் போதும். செவிப்பட்டைக்கு வித்தியாசம் தெரியாது.

தேசம்மா பேசினாள்.

"அதே விசயம்தான் சார். எங்க கரைக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு நடபாலம். எங்க வூட்டுக்காரருக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டி டயாலிசிஸ். இப்ப தண்ணி இடுப்பளவு. தோள்ல சாச்சினு இட்டாந்துடறேன். ஐப்பசில ஆளு முங்கிடும். தெப்பத்துல அவரால குந்த முடியாது. போன மழைக்கி நாலு வாட்டி வுட்டுப்போச்சு, நெஞ்செல்லாம் தண்ணி ஏறிக்கிச்சு. இந்த மழைக்கும் அப்டி வுட்டா அவ்ளோதான்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. அதுக்குள்ள பாலம் வேணும்."

நாற்பத்திரண்டு தலைகள் பதினைந்து பாகை சாய்ந்தன. சமநோக்கி பச்சையானது. "கேட்கப்பட்டது" என்றது, தேன் தடவிய பெண் குரலில். கைதட்டினால் சிலருக்கு மிரட்சி உண்டாகலாம் என்பதால் எல்லோரும் இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். பிறகு நாய்ப் பூங்கா ஆறு நிமிடத்தில் நிறைவேறியது.

எல்லோரும் போன பின் ஜெபராணி பொறியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தேசம்மா அவையில் கொடுத்த சாம்பார்சாதப் பொட்டலத்தைக் கணவனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டு அருகே வந்தாள்.

"ஏம்மா, என் பாலம் எத்தினி வாட்டி கேட்டாச்சுன்னு இதுல கீதா?"

"நூத்திப் பதினேழுக்கா."

"செஞ்சாச்சுன்னு எத்தினி?"

ஜெபராணி பெட்டியைச் சாத்தினாள். "அப்படி ஒரு கட்டமே இதுல கெடையாதுக்கா. இது பங்கேற்பை மட்டும்தான் அளக்கும். செஞ்சதை அளக்க வேற பொறி வாங்கணும்."

"வாங்கறது?"

"அதுக்கு ஒரு அவை கூட்டணும்."

தேசம்மா சிரித்தாள். சிரித்த வேகத்தில் பொட்டலம் நழுவப் பார்த்தது.

"நீங்க எப்பவும் கருத்தாத்தான்க்கா சொல்றீங்க" என்றாள் ஜெபராணி. "கருத்துன்னா கேட்டா முடிஞ்சுது. தீர்மானமா கொண்டு வாங்க. ஓட்டு விடணும், நெறைவேறினா கட்டியே ஆகணும். அது சட்டம்."

அடுத்த மாதம் தேசம்மா தீர்மானம் கொண்டுவந்தாள். நாற்பத்திரண்டு பேரும் ஆதரித்துக் கை தூக்கினார்கள். மனமாரத்தான் தூக்கினார்கள், அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. "நம்ம தேசம்மாவுக்கு இல்லாத பாலமாங்க!" என்று வழிமொழிந்தவரே மகுடபதிதான்.

எந்தத் தீர்மானமானாலும் சமநோக்கி அதன் விளைவை ஒருமுறை கணித்துப் பார்க்கும். பார்த்தது. சிவப்பானது.

ஜெபராணி திரையைப் படித்தாள். பிறகு மீண்டும் படித்தாள்.

"பாலம் வந்தா தேசம்மா அக்காவோட விளிம்பெண் தொண்ணூத்தி மூணுலேர்ந்து எண்பத்தி நாலுக்கு எறங்கிடும். தொண்ணூறுக்குக் கீழ. அப்புறம் இந்த அவைக்குத் தகுதியுள்ள ஆள் கெடையாது. அவைக்குத் தகுதி தர்ற ஆளை இல்லாமப் பண்ற தீர்மானம் செல்லாதுன்னு ஒன்பதாவது பிரிவு சொல்லுது."

நல்ல நோக்கத்தோடு எழுதிய பிரிவுதான். ஏழைகள் வேண்டாம் என்று வார்டைவிட்டு விரட்டுவதற்கே சில அவைகள் தீர்மானம் போட்ட காலத்தில், அதைத் தடுக்க எழுதியது. ஆளை அப்புறப்படுத்தினாலும் ஆளின் கஷ்டத்தை அப்புறப்படுத்தினாலும் பொறிக்கு ஒன்றுதான். இரண்டிலும் ஒரு தொண்ணூற்று மூன்று காணாமல் போகிறது.

"இது ஒரு வளமான முரண்" என்றார் இளம்பரிதி. கண்கள் பளபளத்தன. "இந்த முரணோடு சற்று நேரம் அமர்ந்திருப்போம்."

அமர்ந்திருந்தார்கள். பிறகு வண்ணத்தாள்களில் அவரவர் உணர்வை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். 'வலிக்கிறது' என்றது ஒன்று. 'தேசம்மா, உங்கள் காலணியில் நான்' என்றது இன்னொன்று. தேசம்மா செருப்பில்லாமல் வந்திருந்தாள்.

மகுடபதி மட்டும் எதுவும் எழுதவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. பாலத்தைக் கட்டிப்போட்டா, அப்பறம் எங்க லிஃப்டை மாத்தறதுக்கு ஆருங்க வந்து உக்காருவாங்க?"

அன்றைக்கு அந்த வட்டத்தில் உள்ளத்திலிருந்து வந்த ஒரே வாக்கியம் அதுதான். எல்லோரும் அவரை வெறுப்போடு பார்த்தார்கள்.

தேசம்மா எழுந்தாள். "அப்ப நான் நாறினு கெடந்தாத்தான் உங்களுக்கு நல்லது நடக்கும். அதான் விசயம். இதச் சொல்றதுக்கு இத்தினி கலர் காயிதமா?" நெற்றியிலிருந்த பட்டையை அவிழ்த்து முக்காலியின் மேல் வைத்தாள். "இனிமே என்னிய கூப்புடாதீங்க. கார் வந்தா கல்லு வுடுவேன்."

"கேட்கப்பட்டது" என்றது சமநோக்கி.

தேசம்மா வராத ஆறு வாரங்களில் வார்டு உறைந்துபோனது. நாய்ப் பூங்காவுக்கு ஒப்புதல் இருந்தது. அதன் வேலிக்கு இல்லை. ஏரிமுகம் அடுக்ககத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடியிலேயே நின்றுவிட, மகுடபதி பதினோராவது மாடிக்குப் படியேறப் பழகினார். பொறியோ, விலக்கப்பட்டதாக உணர்கிறாள் என்று தேசம்மாவுக்கு மேலும் இரண்டு கூட்டித் தொண்ணூற்றைந்து ஆக்கியது. அவள் விலை ஏறிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் இளம்பரிதி எழுந்து நின்றார். "விளிம்பு நம்மிடம் வராவிட்டால், நாம் விளிம்புக்குப் போவோம்."

நாற்பத்திரண்டு பேர் கால்வாயைக் கடப்பது எப்படி? தெர்மாகோல் தெப்பத்தில் மகுடபதி ஒருவரை ஏற்றினாலே தெப்பம் போய்விடும். யாரோ யோசனை சொல்ல, ராணுவம் கழித்துக்கட்டிய மடிப்புப் பாலம் ஒன்று லாரியோடு கிடைத்தது. கரையோரம் நிறுத்தி விசையை அழுத்தினால் இருபத்தைந்து நிமிடத்தில் எஃகு விரிந்து அந்தக் கரையைத் தொடும். வேலை முடிந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். இதற்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. நாற்காலி, ஜமுக்காளம் போல அவையின் தளவாடம் என்று சமநோக்கி ஏற்றுக்கொண்டது.

புரட்டாசி முதல் மழைக்கு மறுநாள் பாலம் வந்து விரிந்தது. கரை மக்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். தேசம்மா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே கட்டிலில் கிடந்த கணவன் தணிகாசலம், "இன்னா சத்தம்?" என்று கேட்டான்.

"பாலம்."

"நமக்கா?"

"இல்ல. நம்மள கேக்க வர்றாங்க."

தணிகாசலத்தின் கால்கள் வீங்கி இருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாகத்தான் நிரம்பியது. அவள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சகாயத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இவர ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போய் இட்டாந்துரு. எவ்ளோ நேரம் ஆவும்?"

"போவ, வர, மெசின்ல நாலு மணி நேரம். அஞ்சு, அஞ்சரை ஆவும். அதுவரிக்கும் பாலத்த வெச்சிருப்பானுங்களா?"

"நான் பேசினே இருந்தா வெச்சிருப்பானுங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. கேட்க வருகிறவர்கள் திங்களும் வியாழனும் வர வேண்டும், காலை எட்டு மணிக்கு வர வேண்டும் என்று தேசம்மா நிபந்தனை போட்டாள். இளம்பரிதி நெகிழ்ந்துபோனார். விளிம்பே அவையை நிர்வகிக்கிறது என்று கட்டுரை எழுதினார்.

அவர்கள் பாலத்தில் இந்தப் பக்கம் வர, தணிகாசலம் அதே பாலத்தில் சகாயத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போவான். அவன் திரும்பி வரும்வரை தேசம்மா பேசுவாள். முதல் நாள், ஆற்றோரத்துக் குடிசையைப் பிடுங்கிய கதையைச் சொன்னாள். அடுத்த முறை, லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து இங்கே கொட்டியதை. பிறகு, காது போன கதை. அவை முடிவுகளை ஒன்பது மணிக்கே நிறைவேற்றிவிடுவார்கள். ஆனால் விளிம்பு பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் பொறி சிவப்பாகிவிடும். அதனால் உட்கார்ந்தே இருந்தார்கள். மகுடபதிக்கு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து மூலம் வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்தபோது தேசம்மாவிடம் சொந்த வாழ்க்கை தீர்ந்துவிட்டது. ஐம்பத்தொரு வயது வாழ்க்கை நாற்பது மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பிறகு அக்கம்பக்கத்தார் வாழ்க்கையை எடுத்துச் சொன்னாள். அதுவும் தீர்ந்ததும் இல்லாத அக்காவைச் சாகடித்தாள், பிறக்காத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பினாள். கண்ணை மட்டும் பாலத்தின் அந்த முனையிலேயே வைத்திருப்பாள். சகாயத்தின் சிவப்புச் சட்டை தெரிந்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே, "அவ்ளோதான் சார்" என்று எழுந்துவிடுவாள். அந்த மௌனத்தைப் பற்றியும் இளம்பரிதி ஒரு கட்டுரை எழுதினார்.

தணிகாசலத்தின் கால் வற்றியது. ஒருநாள் மீன்குழம்பு கேட்டான்.

ஐப்பசி மூன்றாம் வாரம், திங்கட்கிழமை. அவை முடிந்ததும் இளம்பரிதி எழுந்து நின்றார். கையில் பொன்னாடை இருந்தது.

"நண்பர்களே, வரலாற்று நாள். நம் தேசம்மா அவர்களின் விளிம்பெண் இன்று எண்பத்தொன்று. மாநிலத்திலேயே மிக அதிக நேரம் கேட்கப்பட்ட பெண்மணி இவர்தான். வாரம் இருமுறை பாலமும் உண்டு. இனி இவர் விளிம்பில் இல்லை. நம்மில் ஒருவர்!"

எண்பத்து நான்கு கைகள் காற்றில் எழுந்து விரல்களை ஆட்டின. பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. தேசம்மா ஜெபராணியைப் பார்த்தாள். ஜெபராணி பொறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"அப்ப வியாழக்கெழம?" என்று கேட்டாள் தேசம்மா.

"வியாழன் முதல் மணல் திட்டில் சந்திக்கிறோம். அங்கே கன்னியம்மா என்று ஒருவர். தொண்ணூற்றாறு!" இளம்பரிதியின் குரலில் பசி இருந்தது. "இந்தப் பாலம் கிடைத்ததால்தான் அவரிடம் போகவே வழி பிறந்தது."

பாலம் மடிந்து லாரிக்குள் போனது. மழை வலுத்தது. வியாழக்கிழமை கால்வாய் சுழித்துக்கொண்டு ஓடியது; லாரி எதிர்க்கரைச் சாலையில் நிற்காமல் போயிற்று. சனிக்கிழமை தணிகாசலத்தால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சுத் திணறியது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "இன்னிக்கி யாரும் கேக்க வரலியா?" என்றான். கிண்டல்தான். முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது.

தேசம்மா ஜெபராணியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஆம்புலன்சு தண்ணியப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. போட் கேட்டா முறையா மனு குடுன்னுறாங்க. லாரிய அனுப்பும்மா."

"அக்கா, பாலம் அவையோட தளவாடம். அவை இல்லாம லாரி வராது."

"அவைய நான் கூட்டறேன். கூட்டலாமா?"

"யாரு வேணும்னாலும் கூட்டலாம். ஆனா நீங்க இப்ப எண்பத்தொண்ணு. தொண்ணூறுக்கு மேல ஒருத்தர் வந்து உக்காரணும்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கன்னியம்மாதான். திங்கக்கெழம காலையில அவங்களுக்கு வேற கூட்டம் இல்ல. நான் இதச் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மணல் திட்டு, சாலைக்கு எதிர்த்திசையில், உப்பங்கழிக்கு நடுவே இருந்தது. கரையிலிருந்து சேற்று வரப்பில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். தணிகாசலத்தைச் சகாயத்தின் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தேசம்மா நடந்தாள்.

கன்னியம்மா கழுத்தளவு தண்ணீரில் குந்தி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்தாள். தேசம்மாவைக் கண்டதும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீயும் அந்த வட்டக்காரங்க ஆளா?"

"இல்லக்கா. நான் கரை ஆளு. அங்க வூட்டுக்காரரு மூச்சுக்கு இழுத்துனு கெடக்காரு." சொல்லும்போதே, கன்னியம்மாவின் தலையில் எழுதியிருந்தாற்போலத் தொண்ணூற்றாறு தெரிந்தது. "திங்கக்கெழம காலைல எங்க கரைக்கி வந்து குந்திப் பேசணும். நீ பேசினாத்தான் பாலம் வரும்."

கன்னியம்மா கரையேறி வந்தாள். குடிசை வாசலில் ஒரு குழந்தை சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்க்காமலே தெரிந்தது, காய்ச்சல்.

"பேத்தி. பதினஞ்சு நாளா வயித்தால போவுது. ஊத்துத் தண்ணி உப்பும் புழுவுமா கெடக்குது. அவங்கக்கிட்டயும் சொன்னேன், ஒரு நல்ல தண்ணிக் கொழா போடுங்கன்னு. ஏதோ பொட்டி பேசிச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ எங்கள மாதிரி ஆளு. உன்ன நம்பிக் கேக்கறேன். நான் வந்து பேசினா கொழா வருமா?"

தேசம்மா குழந்தையைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே மனசுக்குள் கணக்கு ஓடியது. தண்ணீர்க்குழாய்க்கு எட்டுப் புள்ளி. வந்தால் இவள் எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு வந்து உட்கார்ந்தால் பொறி பச்சையாகாது. லாரி வராது. குழாய் வராது என்ற உண்மையை இப்போதே சொன்னால் இவள் இந்தத் திங்களுக்கே வரமாட்டாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவன் அடுத்த வியாழனைப் பார்க்கமாட்டான்.

"மொதல்ல நீ வந்து பேசுக்கா" என்றாள். குரல் இதமாக, கனிவாக வந்தது. "கொழாவ அப்பால பாத்துக்கலாம்."

கன்னியம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குழந்தையின் மேல் கிடந்த சேலைத்துணியை இழுத்து மூடிவிட்டு, "எத்தினி மணிக்கி வரணும்?" என்றாள்.